டெஸ்லா காயிலுக்கு வைத்த சந்தனப் பொட்டு

தம்பி,

நலம் விசாரிப்பையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே முடித்துவிட்டோம். மாத்திரை போட்டாயா என்று கேட்டாய், போட்டேன் என்றேன். மூச்சு வாங்குகிறதா என்றாய், இல்லை என்றேன். மாடிப்படி ஏறாதே என்றாய், நம் வீட்டுக்கு மாடியே கிடையாது என்றேன். அதற்கப்புறம், போனை வைக்கப்போகிற சமயத்தில், "கல்யாணத்துக்குள்ள பின்னாடி கெடக்குற அத காயலாங்கடையில போட்டுடும்மா" என்றாய். நான் சாம்பார் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று நம் வீட்டில் சாம்பாரே வைக்கவில்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ "அது" என்று சொன்னது எது என்று எனக்குத் தெரியாதா. தோட்டத்துப் பக்கம், துணி துவைக்கிற கல்லை அடுத்த கொட்டகையில், என் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நிற்கிற, கரண்டைப் பொறியாகப் பாய்ச்சுகிற உன் டெஸ்லா காயில். அந்த ஆயுத பூஜைக்கு அப்புறம் நீ அதன் பேரைக்கூடச் சொல்வதில்லை. உன் மனசில் இருக்கிற கதை இதுதான்: நீ செய்த இயந்திரம் அம்மாவைக் கீழே தள்ளியது, அதனால் அம்மாவின் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் பெட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. தெருவிலும் இதே கதைதான். நடந்ததை நான் ஒருமுறை முதலிலிருந்து சொல்கிறேன். பாதிக்கு மேல் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் பொறுமையாகப் படி. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, இந்தக் கதையைத் தப்பாகத் தூக்கிக்கொண்டு நீ அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்குள் போவதில் எனக்கு இஷ்டமில்லை.

நீ டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. காலையில் பேப்பர் பார்ப்பாய், மத்தியானம் தூங்குவாய், அப்பா வண்டி வருகிற சத்தம் கேட்டால் ஸ்டேஷன் பக்கம் போய்விடுவாய். திடீரென்று ஒருநாள் தெருவில் வீடு வீடாகப் போய், கெட்டுப்போன இலவச டி.வி. இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தாய். இல்லாத வீடு எது? அரசாங்கம் கொடுத்த அந்த டி.வி. எல்லார் வீட்டிலும் படம் தெரியாமல் போயிருந்தது, தூக்கிப் போடத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு வீட்டில் அதன்மேல் தண்ணீர்க் குடம் இருந்தது, இன்னொரு வீட்டில் சாமி படம். "பொட்டிய நீங்களே வெச்சிக்குங்க, உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக்கறேன்" என்று நீ சொன்னதும் எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். நீ உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிக் கொடுத்தாய், குடம் பழையபடி ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. டி.வி.க்குள்ளிருந்து பெரிய வோல்ட்டேஜ் கொடுக்கிற உருண்டை ஒன்று வந்தது. சபீரா அத்தை வீட்டில் ஓடாமல் நின்ற பிரிட்ஜிலிருந்து செப்புக் குழாய் வந்தது. சபீரா என்னோடு செராமிக் பட்டறையில் வேலை செய்த மங்கலம்பேட்டைக்காரி, அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பியதில் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் மாடி வீடு கட்டியவள் என்பதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டியும் ஒருநாள் படிப்பாள், அவளுக்காக எழுதுகிறேன். போர் போட்டபோது மிச்சமான பிளாஸ்டிக் குழாயை நடுவில் நிறுத்தினாய். சோடா பாட்டில்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி வெளியே வெள்ளித் தாளைச் சுற்றி, இது கரண்டைச் சேர்த்து வைக்கிற ஜாடி என்றாய். என் சமையலறையிலிருந்து ஒரே அளவான இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் என்னைக் கேட்காமலே போயின. ரசம் ஊற்றத் தேடியபோது அவை வாயோடு வாய் ஒட்டிக்கொண்டு குழாயின் தலையில் உட்கார்ந்திருந்தன. நான் திட்டினேன். ரொம்ப நாளைக்கப்புறம் நீ ஏதோ ஒன்றில் மூழ்கிக் கிடந்தாய் என்பதால் அதிகம் திட்டவில்லை.

பொறி தாவுகிற இடத்தில் வைக்க பீங்கான் வேண்டும் என்று கேட்டாய். பீங்கானுக்குப் பேர்போன நம் ஊரில் அதற்குப் பஞ்சமா. நான் வேலை செய்த பட்டறையில் வீட்டு பியூஸ் கட்டைகள்தான் செய்தோம். அச்சிலிருந்து வந்த பச்சை மண் கட்டையின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, பிசிறு எடுத்து, மெருகு பூசப் போகிற பலகையில் அடுக்குவது என் வேலை. கொஞ்சம் அழுத்தினால் ஓரம் நசுங்கும், பட்டும் படாமல் துடைத்தால் பிசிறு அப்படியே நிற்கும். சூளையிலிருந்து வந்தபிறகு கழித்துப் போட்டதில் நல்லதாக நாலைந்து கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன், எல்லாம் கணீரென்று கேட்டது. அந்தக் கட்டைகள் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன.

கம்பி சுற்றுகிற வேலைதான் உன்னால் முடியவில்லை. டி.வி. படக் குழாயைச் சுற்றியிருக்கிற கறுப்பு டேப் வளையத்தைப் பிரித்தால் உள்ளே மயிர் மாதிரி செப்புக் கம்பி. அதைக் குழாயின் அடியிலிருந்து தலைவரை, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விழாமல், ஆயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். உனக்குக் கை அவசரம். இரண்டு முறை அறுத்துவிட்டு, மூன்றாம் முறை குழாயைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாய். வேலை முடிந்து வந்த நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். "உனக்கு எதுக்கும்மா இது?" என்றாய். "கிண்ணம் ரெண்டும் என்னுது, அது சும்மா கெடக்கக் கூடாது" என்றேன். பல சாயங்காலங்கள் ஆயிற்று. இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், தொளதொளவென்று விட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இதை உடனே கல்யாண வாழ்க்கைக்குப் பொருத்திப் புத்தி சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. நான் கம்பியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நீ முதன்முதலில் அதை ஓட்டிப் பார்த்தபோது நான் வேலையில் இருந்தேன். அப்பா பார்த்தார். நான் வீட்டுக்குள் நுழைவதற்குள், "ஃபியூஸ் போன ட்யூப் லைட்டு, ஒயரே இல்ல, கையில புடிச்சிகினு நிக்கிறான், எரியுதுடி" என்றார். வேலை கிடைக்காத மகனைப் பற்றி அவர் அத்தனை நாளில் பேசிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான். மறுபடி ஓட்டு, நானும் பார்க்கிறேன் என்றேன். பாட்டிலில் ஒன்று கசிகிறது, சரி செய்துவிட்டு ஆயுத பூஜை அன்று எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டலாம் என்றாய். நான் காத்திருந்தேன். நான் சுற்றிய கம்பி என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். ஆயுத பூஜை வந்தால் அவருக்கு லோடு வண்டி மட்டும் போதாது. மோட்டார் இருக்கிற எதுவும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. மிக்சிக்கு ஒன்று, கிரைண்டருக்கு மூன்று, தையல் மிஷினுக்கு நாமம் மாதிரி, அரிவாள்மணைக்குக்கூட ஓரமாக ஒன்று. நீ புது ட்யூப் லைட் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அப்பா பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு பின்பக்கம் போயிருக்கிறார். ஆளுயரத்தில் பாதிக்குப் பளபளவென்று நிற்கிற செப்புச் சுருளைப் பார்த்ததும் அவருக்குப் பக்தி வந்துவிட்டது. அடியிலிருந்து உச்சிவரை வரிசையாகச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பக்கத்தில் வைத்ததால் நீ வந்து பார்த்தபோது உன் கண்ணில் படவில்லை. காய்வதற்கும் நேரமில்லை. பீங்கானே ஆனாலும் மேலே அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் கரண்ட் அதன்மேல் ஊர்ந்து போகும், எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்த பியூஸ் கட்டைகளில் அந்தத் தடத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவர் பொட்டு வைத்திருக்கிறார் என்று.

பொரி கடலை வாங்க வந்தவர்கள் எல்லாம் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். சபீராவும் வந்திருந்தாள். இருட்டினால்தான் நன்றாகத் தெரியும் என்று விளக்கையெல்லாம் அணைத்தாய். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன், சொல். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாள் ஆசைப்பட்டவள் முன்னால் வந்து நிற்காமல் ஏன் படியில் உட்கார்ந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சுண்டல் சட்டியை இறக்கும்போதே எனக்குக் கண் இருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படிவரை வந்தேன். நீ சுவிட்சைப் போடுவதற்கு முன்பே என் காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இருந்தது. இதை ஆஸ்பத்திரியிலேயே உன்னிடம் சொன்னேன். உன் மனசு ஆற்ற அம்மா சொல்கிற பொய் என்று நினைத்துத் தலையை மட்டும் ஆட்டினாய். மனசு ஆற்றுவதற்கெல்லாம் பொய் சொல்கிற ஆளா நான்? நீ போட்ட சட்டை நன்றாக இல்லையென்றால் கல்யாண வீட்டு வாசலிலேயே சொல்கிறவள்.

நீ சுவிட்சைப் போட்டாய். கரகரவென்று சத்தம். உச்சியிலிருந்து பொறி வெளியே பாய வேண்டும், அது பாயவில்லை. நான் உட்கார்ந்திருந்த படியிலிருந்து தெரிந்த சுருளின் பின்பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு ஏறியது. அப்பா வைத்த பொட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு அடியிலிருந்து உச்சிவரை எரிந்தன. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அது ரொம்ப அழகாக இருந்தது. சந்தனம் கருகுகிற வாசனை வந்தது. ஒரு வெடிச் சத்தம், வீட்டு மெயின் விழுந்தது, ஒரே இருட்டு. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி சபீரா சொன்னது.

டார்ச் அடித்துப் பார்த்தால் நான் படிக்குக் கீழே கிடக்கிறேன். நீ என்மேல் விழப் போனாய், அப்பா உன்னைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க, கரண்டு பாயுது" என்று யாரோ கத்தியதில் தெருவே அசையாமல் நின்றது. சபீராதான் மூலையில் கிடந்த விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து என்னை இடுப்பில் நெம்பி, சாக்குமூட்டை மாதிரி அந்தப் பக்கம் உருட்டிவிட்டாள். அப்புறம்தான் தொட்டார்கள். ஒயர் எதுவும் என் பக்கத்தில்கூட இல்லை. "கரண்டு அடிச்சிடுச்சி, தூக்குங்க தூக்குங்க" என்று அப்பாவின் வண்டியிலேயே போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனீர்கள். கரண்ட் கேஸ் என்றதால் உட்கார வைத்து வரிசையில் காக்க வைக்கவில்லை. உடனே நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். உடம்பில் தீக்காயம் தேடிய டாக்டருக்கு இடுப்பில் ஒரு வீக்கம் மட்டும் கிடைத்தது. "இது இன்னா காயம்?" என்றதற்கு சபீரா, "அது நான் போட்டது சார்" என்றாளாம்.

படத்தில் என் நெஞ்சு துடிக்கிற வேகம் பாதிகூட இல்லை. அன்று இரவே புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ். அங்கே டாக்டர் சொன்னது உன் காதிலும் விழுந்தது. இதயத்துக்குள் ஓடுகிற கரண்ட் லைன் ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது, வெளிக் கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். நீ அவரிடமே திரும்பத் திரும்பக் கேட்டாய். அவர் திரும்பத் திரும்ப இல்லை என்றார். பெட்டி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது காயில் புடவைக்குள் போயிருந்தது. கம்பியைத் தொடாத வேலையாகப் பார்த்து நீ ஓசூர் போய்விட்டாய். நன்றாகத்தான் சம்பாதிக்கிறாய், அதில் குறை சொல்லவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். செராமிக்கில் சூளைப் பக்கம் பெண்கள் மயங்கி விழுவது புதுசில்லை. விழுந்தால் நிழலில் கிடத்துவார்கள், முந்தானையால் விசிறுவார்கள், ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். நானும் அந்தச் சோடாவைக் குடித்தவள்தான். வெயில், பட்டினி, இரத்தம் கம்மி என்று ஏதாவது ஒரு காரணம் எல்லார் கையிலும் தயாராக இருக்கும். எனக்குப் பெட்டி வைத்த மறு வருஷம், பேக்கிங்கில் இருந்த செல்வி, உன்னை ஸ்கூல் விட்டு வரும்போது கூப்பிட்டு வேர்க்கடலை கொடுப்பாளே, அவள் காய வைக்கிற களத்தில் மயங்கி விழுந்தாள். சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்க்கவில்லையே. அவள் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது நான் இதைத்தான் நினைத்தேன். அன்றைக்கு நம் தோட்டத்தில் அந்தக் காயில் ஓடாமல் இருந்திருந்தால், சுண்டல் சட்டியோடு சமையலறையில் நான் சரிந்திருந்தால், எனக்கும் ஒரு சோடாதான் வந்திருக்கும். எல்லாரும் கரண்ட் என்று தப்பாக நினைத்தார்கள், அதனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள், அதனால் நான் இருக்கிறேன். நீ அம்மாவைச் சாய்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற இயந்திரம்தான் என்னை டாக்டர் முன்னால் கொண்டுபோய்ப் போட்டது.

இதையும் நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் ஒரு கணக்கு சொல்கிறேன். போன மாதம் பெட்டியைப் பரிசோதிக்கப் புதுச்சேரி போயிருந்தோம். மிஷினை நெஞ்சுக்கு மேல் வைத்துப் பார்க்கிற தம்பியிடம், இந்தப் பெட்டி சும்மா இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேட்டேன். "நாள்ல பாதிக்கு மேல இதுதாம்மா அடிக்குது" என்றான். நாலு வருஷமாகக் காயில் புடவைக்குள் இருக்கிறது. ஒரு ஒயர்கூட மாட்டவில்லை. நீயோ ஓசூரில் இருக்கிறாய். ஆனாலும் என் நெஞ்சு தினமும் நின்று நின்றுதான் போகிறது, பெட்டிதான் தள்ளிவிடுகிறது. நான் முருங்கைக்கீரை ஆய்கிறபோதும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறபோதும் அப்படித்தான். அப்போதெல்லாம் யார் சுவிட்சைப் போட்டது? நீ படித்தவன், யோசித்துப் பார்.

அப்பாவுக்கும் ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அவர் எதற்கும் சந்தனம் வைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுகிறார், மாலை போடுகிறார், எலுமிச்சம்பழம் நசுக்குகிறார், பொட்டு மட்டும் கிடையாது. நான் ஏன் என்று கேட்டால், "கைக்கு ஒத்துக்கல" என்கிறார். உனக்கு உன் காயில் என்னைத் தள்ளியது, அவருக்கு அவர் சந்தனம் தள்ளியது. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நடுவில் நான் ஒருத்தி, என்னை யாரும் தள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேட்க ஆளில்லை. சில நாள் எனக்குக் கோபம் வருகிறது. என் உடம்பில் வந்த கோளாறு, அதைக்கூட நீங்கள் இரண்டு பேரும் உங்களுடையதாக எடுத்துக்கொண்டீர்கள்.

சுகன்யா வீட்டார் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, அவளும் கை கழுவப் பின்பக்கம் போனாள். புடவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னா அத்தை?" என்று கேட்டாள். உன்னைக் கேட்கச் சொன்னேன். நீ "ஒண்ணுமில்ல, பழைய சாமான்" என்று சொன்னாயாம். அவள் என்னிடம் மறுபடி கேட்கவில்லை, ஆனால் கிளம்பும்போது இன்னொரு தடவை கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் போனாள். தம்பி, தெருவில் யாராவது அவளிடம் சொல்லிவிடுவார்கள், கரண்ட் கதையாகத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் நீ சொல். அதோடு இன்னொன்று. நான்கு வருஷமாக நீ தினம் போன் செய்கிறாய், அதில் என் மாத்திரை தவிர வேறு எதுவும் இல்லை. சினிமா பார்த்தேனா, சபீராவோடு சண்டை போட்டேனா என்றெல்லாம் முன்பு கேட்பாய். இப்போது உனக்கு நான் ஒரு நோயாளி மட்டும்தான் என்று ஆகிவிட்டேன், அது எனக்கு வருத்தம். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால் அவளையும் இப்படித்தான் நடத்துவாய். அவளுக்கு மூச்சு முட்டும். பயத்தை அக்கறை என்று நினைத்துக்கொள்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம், நான் இரண்டு பேரோடு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

காயலாங்கடைக்காரர் போன வாரம் தெருவில் மணி அடித்துக்கொண்டு போனார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அது இப்போது பழைய சாமான் இல்லை. வேலையை விட்ட பிறகு சாயங்காலங்களில் எனக்குப் பொழுது போகவில்லை. எரிந்துபோன கம்பியை அப்பாதான் குழாயிலிருந்து சுரண்டி எடுத்தார். நீ பிரிக்காமல் விட்ட இன்னொரு இலவச டி.வி.யைப் பிரித்துக் கம்பி எடுத்தேன். அடியிலிருந்து உச்சிவரை புதுசாகச் சுற்றி முடித்துவிட்டேன். ஒரு சுற்றுகூட ஏறவில்லை. முதல் தடவையைவிட நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கிண்ணங்களைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டியிருக்கிறேன். பாட்டில்களுக்கு உப்புத் தண்ணீர் எவ்வளவு, பொறிக்கு இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அதற்கு நீதான் வர வேண்டும்.

நீ கேட்கப் போவதைப் புதுச்சேரித் தம்பியிடம் நானே கேட்டுவிட்டேன். "கிட்ட மட்டும் போவாதீங்கம்மா. தூரத்துலேருந்து பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எவ்ளோ தூரம்?" என்றான். ரயில் லைனுக்கு அந்தாண்ட இருக்கிற மாடி என்றேன். சிரித்தான். "அங்கேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாதேம்மா" என்றான். தெரிகிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே, கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்து, நீயும் சுகன்யாவும் இங்கே இருக்கிற ஒரு சாயங்காலம், இருட்டியதும் அதை ஓட்டு. அப்பா பக்கத்தில் இருப்பார். சந்தனம் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அடியில் இருக்கிற மரப் பலகைக்கு மட்டும், ஒரே ஒரு பொட்டு, அதுவும் காலையிலேயே. முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் சபீரா வீட்டு மாடியில் இருப்பேன். மாடிப்படி ஏறக் கூடாது என்று ஆரம்பிக்காதே, மெதுவாக ஏறுவேன். சபீரா பக்கத்திலேயே நிற்பாள். விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். நீ பழைய ட்யூப் லைட் ஒன்றைக் கையில் எடுத்து, ஒயர் இல்லாமல், சுவருக்கு மேல் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடி. நடுவில் ரயில் வந்தால் போகிறவரை பிடித்துக்கொண்டிரு. நான் சுற்றிய கம்பி எரிக்கிற வெளிச்சத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அது என் கண்ணில் பட்டதும் மாடியிலிருந்து செல்போன் டார்ச்சைப் போட்டுக் காட்டுகிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோகாதே என்பாய், தெரியும், பெட்டி இடது பக்கம், போனை வலது கையில்தான் பிடித்திருப்பேன். உன் காயில் ஓடிக்கொண்டே இருக்கட்டும், நீ அணைக்காதே, மாடிப் பக்கம் பார். டார்ச் அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

அம்மா